பிரஷர் மாத்திரை காலையிலா, ராத்திரியிலா?

ஜூலை 13, 2025

நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருத்தர் இந்த இணைய இழையில கேட்டது:

"அப்பாவுக்கு வயசு 67. பிரஷருக்கு ஒரே ஒரு மாத்திரை, காலையில டிபன் முடிச்சதும் போடுறார். எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குழுவுல ஒரு செய்தி சுத்துது. ராத்திரி படுக்கும்போது போட்டா மாரடைப்பும் பக்கவாதமும் பாதிக்குப் பாதி குறையுமாம். 19,000 பேரை வச்சுப் பார்த்த ஆராய்ச்சியாம். டாக்டர்கிட்ட காட்டினேன். சிரிச்சுட்டு 'காலையிலயே போடட்டும்'னு அனுப்பிட்டார், ஏன்னு சொல்லல. டாக்டர் பழைய ஆளா, இல்ல செய்தி புருடாவா? மருந்துக்கடையில இருக்கிறவங்க யாராவது சொல்லுங்க."

ஜூலை 13, ராத்திரி 10.50

கடை சாத்திட்டு எழுதறேன். திருப்பாதிரிப்புலியூர்ல மெடிக்கல் கவுண்டருக்குப் பின்னாடி 22 வருஷமா நிக்கிறவன். டாக்டர் இல்லை. சீட்டைப் படிச்சு மருந்து எடுத்துக் குடுக்கிற ஆள், அவ்வளவுதான்.

செய்தி புருடா இல்லை. 2019 அக்டோபர்ல ஐரோப்பிய இதய மருத்துவ இதழ் ஒண்ணுல வந்த ஸ்பெயின் ஆய்வு அது, ஹைஜியான்னு பேரு. 19,084 பேர். ஆறு வருஷத்துக்கு மேல தொடர்ந்து பார்த்ததுல, படுக்கப்போகும்போது மாத்திரை போட்டவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயம் செயலிழக்கிறது, இதயக் கோளாறால சாவு எல்லாம் சேர்த்து 45 சதவீதம் குறைஞ்சதா எழுதினாங்க.

டாக்டரும் பழைய ஆள் இல்லை. 2022 அக்டோபர்ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல இன்னொண்ணு வந்துச்சு. பிரிட்டன்ல டண்டீ பல்கலைக்கழகத்துக்காரங்க நடத்தின டைம் ஆய்வு. 21,104 பேர், அஞ்சு வருஷத்துக்கு மேல. காலையில போட்டவங்கள்ல 3.7 சதவீதம் பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ அது மாதிரி ஒண்ணோ வந்தது. சாயங்காலம் போட்டவங்கள்ல 3.4 சதவீதம். பூவா தலையா போட்டாலே வரக்கூடிய வித்தியாசம்தான் அது.

ஸ்பெயின் ஆய்வு தப்பு. முடிஞ்சது கதை.

ஜூலை 14, காலை 8.15

"முடிஞ்சது கதை"ங்கறது தூக்கக் கலக்கத்துல எழுதினது. திருத்திக்கறேன். ஒருத்தர் 45 சதவீதம்னு சொல்றார், அதே கேள்வியை வேற ஆளுங்க கேட்டா ஒண்ணுமே வரலை. அப்போ முதல்ல சொன்னதை நம்பறதுக்கு ஆதாரம் கரைஞ்சுபோச்சுன்னு சொல்லலாம். தப்புன்னு தீர்ப்பு எழுத நான் யாரு. 45 சதவீதம்ங்கறப்பவே விவரமானவங்களுக்குச் சந்தேகம் வந்துச்சு. மாத்திரையே போடாம இருந்தவனுக்கு மாத்திரை குடுத்தாக்கூட அவ்வளவு பலன் வர்றது கஷ்டம். நேரத்தை மட்டும் மாத்தினா வருமா? யாரை எந்தக் குழுவுல போட்டாங்க, எப்படிப் பிரிச்சாங்கன்னும் கேள்வி கிளம்புச்சு.

டைம் ஆய்வுலயும் ஓட்டை இருக்கு. சாயங்காலக் குழுவுல நேரம் தவறினவங்க கூடுதல். மனுஷன்தானே, சாப்பிட்டு டிவி பார்த்துக்கிட்டே தூங்கிடுவான்.

இந்த வருஷம் மே மாசம் கனடாவுல இருந்து மூணாவதா ஒண்ணு வந்திருக்கு, பெட்மெட். 3,357 பேர். அதுலயும் காலை, ராத்திரி ரெண்டும் ஒண்ணுதான்.

ஜூலை 14, மதியம்

சாப்பாட்டு நேரம், சுருக்கமா சொல்றேன். "அப்புறம் ஏன் ராத்திரின்னு கிளப்பினாங்க"ன்னு கேட்டவருக்கு: யோசனை முட்டாள்தனமானது இல்லை. தூங்கும்போது பிரஷர் 10-லேருந்து 20 சதவீதம் வரைக்கும் இறங்கணும். சிலருக்கு இறங்காது, அவங்களுக்கு ஆபத்து கூட. விடியக்காலையில பிரஷர் ஏறும், மாரடைப்பும் காலை நேரத்துலதான் அதிகம். அப்போ ராத்திரியே மருந்து உள்ளே போயிருந்தா நல்லதுதானேங்கறது நியாயமான கணக்கு. காகிதத்துல சரியா வந்த கணக்கு உடம்புல வரலை. அம்லோடிபின் மாதிரி மருந்து ஒரு நாளுக்கு மேல உடம்புல நிக்கும். அதுக்குக் காலை எது, ராத்திரி எது?

ஜூலை 16

மூணு நாளா ஊருக்கு உபதேசம் பண்ணிக்கிட்டிருக்கேன். என் வீட்டுக் கதையையும் சொல்லணும்.

2019 கடைசியில அந்த ஸ்பெயின் ஆய்வைப் படிச்சதும் எனக்குத் தலைகால் புரியலை. புதுசா ஒண்ணு கையில கிடைச்சா கடைக்காரனுக்கு வாய் சும்மா இருக்காது. வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும் "ராத்திரி போடுங்க, டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க"ன்னு சொன்னேன். அதுல பின்பாதி யார் காதுலயும் ஏறியிருக்காது. எங்கம்மாகிட்ட பின்பாதியே சொல்லலை. நேரா மாத்திட்டேன்.

அம்மா போட்டது கூட்டு மாத்திரை. அதுக்குள்ள நீர் பிரியற மருந்தும் சேர்ந்திருக்கு. தினம் அந்த அட்டையைக் கையில எடுக்கறவன் நான், அது தெரியாமலா? தெரியும். யோசிக்கலை. ராத்திரி ஒரு தடவை எந்திரிச்சவங்க மூணு தடவை எந்திரிக்க ஆரம்பிச்சாங்க. மஞ்சக்குப்பத்துல அப்போ இருந்த வீட்டுல பாத்ரூம் பின்கட்டுல, நடுவுல ஒரு வாசப்படி. 2020 பொங்கல் முடிஞ்ச வாரம், ராத்திரி ரெண்டரைக்கு விழுந்தாங்க. வலது மணிக்கட்டு எலும்பு விட்டுப்போச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

"ஏன்டா தம்பி, காலையில போட்டுக்கிட்டிருந்தேனே, யாரு மாத்தச் சொன்னா?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாங்க.

ஜூலை 17

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு ரெண்டு பேர் "அதான் ராத்திரி போடக்கூடாதுங்கறது"ன்னு கிளம்பிட்டீங்க. அப்படி இல்லை. கீழ விழறது, எலும்பு முறியறது இதையும் கனடாக்காரங்க தனியா கணக்கெடுத்தாங்க. ராத்திரி போட்டவங்க கூடுதலா விழலை. அம்மா விழுந்ததுக்குக் காரணம் மாத்திரையா, வாசப்படியா, நாலு நாளா எரியாம இருந்த பின்கட்டு பல்பா? பல்பு மாத்தாம விட்டவனும் நான்தான். ஒரு அம்மா, ஒரு பையன், ஒரு பல்பு. இதை வச்சு ஊருக்குச் சட்டம் போட முடியாது.

ஆனாலும் நீர் மாத்திரையை ராத்திரிக்கு வைக்கவேண்டாம்னு நான் சொல்வேன். அதுக்கு ஆராய்ச்சி வேணாம், ராத்திரி தூங்கணும்ல.

ஜூலை 20, ஞாயிறு

நெல்லிக்குப்பத்துக்காரர் அந்த வாட்ஸ்அப் செய்தியை அப்படியே இங்க போட்டிருக்கார். படிச்சேன். மூணாவது வரியில "மாறடைப்பு"ன்னு இருக்கு. வல்லின ற. அடுத்த வரியில "இதை உங்கள் பெரியவர்களுக்குச் சொல்லி புண்ணியம் தேடிக்கொள்ளுங்கள்"னு இருக்கு.

அது நான் எழுதினது. 2019 நவம்பர்ல, எங்க தெரு குழுவுக்கு. மாரடைப்புக்கு வல்லினம் போட்டு வாத்தியார் ஒருத்தர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது இன்னும் ஞாபகம் இருக்கு. புண்ணியமும் என்னோடதுதான். ஆறு வருஷமா எங்கெங்கயோ சுத்திட்டு, கெடிலம் தாண்டி நெல்லிக்குப்பத்துல நிக்குது. இதைப் படிச்சு எத்தனை பேர் மாத்தினாங்களோ.

ஜூலை 20, கொஞ்ச நேரம் கழிச்சு

சிரிக்கறவங்க சிரிங்க. பண்ருட்டிக்காரர் "உங்க செய்தியைக் காட்டித்தான் நெல்லிக்குப்பத்துக்காரர் டாக்டரைச் சிரிக்க வச்சிருக்கார்"ங்கறார். ஆமா.

ஜூலை 23

இனி நேரத்தை விடுங்க. எனக்கு வேற ஒண்ணு உறுத்துது. அப்பாவுக்கு பிரஷர் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? அளந்து. எப்படி அளந்தாங்க?

போன மாசம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஒரு கிளினிக் போனேன், பேர் வேணாம். மாடியில இருக்கு. இருபது படி ஏறினதும் வாசல்லயே ஒரு சிஸ்டர், நின்னபடியே பட்டையைச் சுத்தினாங்க. சேலைக்கு உள்ளே போட்டிருந்த முழுக்கை ரவிக்கை மேலேயே. கை தொங்குது. அம்மா பேசிக்கிட்டே இருக்காங்க, "எங்கே ஊரு, அந்தத் தெருவா, அங்க எங்க நாத்தனார் இருக்கா"ன்னு. 162-க்கு 94. சீட்டுல எழுதியாச்சு. உள்ளே டாக்டர் அந்த எண்ணைப் பார்த்து ஒரு மாத்திரை கூட்டிட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது, அவர் கையில இருந்தது அந்த எண்தான்.

2024 அக்டோபர்ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க 133 பேரை வச்சு இதைத்தான் பார்த்தாங்க. கையை மேஜை மேல வச்சு அளந்தது ஒண்ணு, மடியில வச்சது ஒண்ணு, பக்கவாட்டுல தொங்கவிட்டது ஒண்ணு. மடியில வச்சா மேல் எண் 3.9 கூடுதலா காட்டுது, கீழ் எண் 4. தொங்கவிட்டா மேல் எண் 6.5, கீழ் எண் 4.4. கேட்கறதுக்குச் சின்னதுதான். ஆனா 135 உள்ளவர் கையைத் தொங்கவிட்டா 141 ஆயிடுவார். 140-ல கோடு போட்டு வச்சிருக்கிற நாட்டுல அவர் அன்னையிலேருந்து நோயாளி.

காரணம் வேற ஒண்ணுமில்லை. மாடி டேங்க்ல இருந்து வர்ற தண்ணி கீழ்வீட்டுக் குழாயில வேகமா வரும், மேல்வீட்டுல மெதுவா வரும். கை இதயத்துக்குக் கீழே போகப்போக அந்தக் கீழ்வீட்டு வேகம் சேர்ந்துக்கும்.

பட்டையும் அப்படித்தான். 2023-ல அதே பல்கலைக்கழகத்துக்காரங்க 195 பேரை வச்சு, கைக்குப் பொருந்தாத பட்டையால என்ன ஆகுதுன்னு பார்த்தாங்க. பெரிய பட்டை தேவைப்படறவங்களுக்குச் சாதாரணப் பட்டை சுத்தினா 4.8 கூடுதல். அதுக்கும் பெருசு தேவைப்படறவங்களுக்கு 19.5 கூடுதல். பத்தொன்பதரை! ஒல்லிக் கைக்காரங்களுக்கு நேர்மாறு, 3.6 குறைச்சுக் காட்டும். எங்க கடையில பிபி மிஷின் வாங்கறவங்கள்ல பட்டை என்ன அளவுன்னு கேட்டவங்க இந்த 22 வருஷத்துல ரெண்டே பேர். கம்பெனி எது, வாரண்டி எவ்வளவு, பேட்டரி இலவசமான்னு கேப்பாங்க.

ஜூலை 24

"அப்போ சரியா எப்படி அளக்கணும்"னு ஆறு பேர் கேட்டிருக்கீங்க. ஒண்ணுக்குப் போயிட்டு வந்து உட்காரணும். முதுகு சாய்ஞ்சிருக்கணும், காலைத் தரையில ஊனணும், கால் மேல கால் கூடாது. அஞ்சு நிமிஷம் சும்மா இருக்கணும். டீ, காபி, பீடி, சிகரெட் எல்லாம் அரை மணி முன்னாடியே முடிஞ்சிருக்கணும். வெறுங்கையில பட்டை, கை இதய மட்டத்துக்கு மேஜை மேல, உயரம் பத்தலைன்னா தலகாணி. அளக்கும்போது பேச்சு கூடாது. ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை.

இதுல பேசாம இருக்கறதுதான் எங்கம்மாவுக்குக் கஷ்டம்.

ஜூலை 26

வீட்டுல பார்த்துட்டேன். அம்மாவுக்குத் தொங்கவிட்டு 152, மடியில 147, மேஜையில 143. ஆஹா, புத்தகத்துல அச்சடிச்ச மாதிரி வருதேன்னு துள்ளிக்கிட்டு கடைப் பையனுக்கும் பார்த்தேன். மடியில 118, மேஜையில 121. போச்சு. ரெண்டு பேரை வச்சு ஆராய்ச்சி பண்ணினா இப்படித்தான். அம்மாவுக்கு வந்ததும் அதே வரிசையில அளந்ததால வந்ததா இருக்கலாம். முதல் தடவை எப்பவும் கூடத்தான் காட்டும்.

ஆனா 143-ஐ டாக்டர்கிட்ட காட்டினேன். ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் வீட்டுல அளந்து எழுதிக்கிட்டு வரச் சொல்லியிருக்கார். கூட்டின மாத்திரையை அவரா நிறுத்தலை, நானா நிறுத்தச் சொல்லவும் இல்லை. அந்தப் பாடம் மணிக்கட்டுல இருக்கு.

ஜூலை 27, ஞாயிறு

2019-ல கிளப்பிவிட்டவன் நான், அணைக்க வேண்டியவனும் நான். திருத்தச் செய்தி ஒண்ணு எழுதி எங்க தெரு குழு, கடை வாடிக்கையாளர் குழு, சொந்தக்காரங்க குழு மூணுலயும் போட்டுட்டேன். இங்கயும் போடறேன், எடுத்து அனுப்புங்க:

"பிரஷர் மாத்திரையை ராத்திரி போட்டால்தான் நல்லது என்று முன்பு வந்த செய்தியை நம்ப வேண்டாம். பெரிய ஆய்வுகள் இரண்டு வந்துவிட்டன. காலையிலும் போடலாம், ராத்திரியிலும் போடலாம், பலன் ஒன்றுதான். மறக்காமல் போடுவதே முக்கியம்."

இந்தத் தடவை எழுத்துப் பிழை இல்லை, வாத்தியாரை விட்டுப் பார்க்கச் சொன்னேன். புண்ணியம் பத்தியும் எழுதலை.

ஜூலை 29

பழைய செய்திக்கு அன்னைக்கு வந்த கும்பிடு 40-க்கு மேல. இதுக்கு மூணு. அதுல ஒண்ணு எங்க மாமா, அவர் எதுக்கும் கும்பிடு போடுவார்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

தெருமுனை மாரியம்மன் கோயில்ல கூழ். கூடவே முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. முதுநகர்ல இருந்து வந்த சுறாக் கருவாடு. அம்மா ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சாங்க. நான் பார்க்கறேன்னு தெரிஞ்சதும் மூணாவது தடவைக்குத் தூக்கை நீட்டி "பக்கத்து வீட்டுக்கு"ன்னாங்க.

சாயங்காலம் அளந்தோம், 158. அம்மாகிட்ட ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கு. எண்ணோட நிறுத்த மாட்டாங்க, பக்கத்துல காரணமும் எழுதுவாங்க. "141, நல்லா தூங்கினேன்." "149, கரண்ட் இல்லை." "155, சித்தி போன்." இன்னைக்கு "158, அம்மன்"னு எழுதியிருக்காங்க. கருவாடுன்னு எழுதலை.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள்ள, ஒரு டீஸ்பூன். ஊறுகா, அப்பளம், கருவாடு, மோர்மிளகா இருக்கிற வீட்டுல அந்த ஸ்பூன் காலை டிபனோட காலி.

உப்பைப் பத்தி எனக்குப் பிடிச்ச ஆய்வு சீனாவுல நடந்தது. 2021-ல வந்துச்சு. 600 கிராமம், 20,995 பேர். முக்கால்வாசி பேருக்கு ஏற்கனவே பக்கவாதம் வந்திருக்கு, மத்தவங்க 60 தாண்டி பிரஷர் உள்ளவங்க. பாதி கிராமத்துக்குச் சாதா உப்பு. மீதிக்கு, முக்கால் பங்கு சாதா உப்பும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு. வேற ஒண்ணும் இல்லை. சமையல்காரியை மாத்தலை, புத்திமதி சொல்லலை, டப்பாவுல இருக்கிற உப்பை மட்டும் மாத்தினாங்க. அஞ்சு வருஷம் போல பார்த்ததுல, ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு 33.65 பக்கவாதம் வந்த இடத்துல 29.14. சாவும் குறைஞ்சுது.

நேரத்தை மாத்திப் பார்த்தாங்க, ஒண்ணும் வரலை. உப்பை மாத்தினாங்க, வந்துச்சு. ஆனா நம்ம குழுவுல சுத்தறது எது?

ஆகஸ்ட் 4

அய்யய்யோ, நில்லுங்க. ராத்திரியே எழுதியிருக்கணும். அந்தப் பொட்டாசியம் உப்பு எல்லாருக்கும் ஆகாது. கிட்னி பழுதானவங்களுக்குப் பொட்டாசியம் வெளியே போகாது, ரத்தத்துல தேங்கி இதயத் துடிப்பையே குழப்பிடும். டெல்மிசார்ட்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன்னு சில பிரஷர் மாத்திரை போடறவங்களுக்குப் பொட்டாசியம் ஏற்கனவே ஏற வாய்ப்பு இருக்கு. சீனாவுலயும் கிட்னி கோளாறு உள்ளவங்களைச் சேர்க்கலை. இந்த வருஷம் ஜனவரியில உலக சுகாதார நிறுவனம் இந்த உப்பைச் சிபாரிசு பண்ணினப்போ கிட்னி நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகளைத் தவிர்த்துட்டுத்தான் சொல்லுச்சு. டாக்டர்கிட்ட கேட்டு, தேவைப்பட்டா ரத்தத்துல கிரியேட்டினினும் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டறது) பொட்டாசியமும் பார்த்துட்டு வாங்குங்க. சர்க்கரை வியாதி பத்து வருஷமா இருக்கிறவங்க கண்டிப்பா.

கருவாட்டுக்கு எங்கம்மா வழி: வெந்நீர்ல ஊறவச்சு, ரெண்டு தண்ணி கழுவி, குழம்புல உப்பே போடாம வைக்கிறது. கோயில் குழம்புக்கு இது நடக்காது.

ஆகஸ்ட் 5

பண்ருட்டிக்காரர்: "வறுத்து உப்பு தூவின முந்திரிக்கு என்ன சொல்றீங்க?" தூவாததை எனக்கு அனுப்புங்க, சொல்றேன்.

முத்தியால்பேட்டைக்காரர் பாண்டிச்சேரி சரக்கைப் பத்திக் கேட்டிருக்கார். குடி பிரஷரை ஏத்தும், அதுல காலை ராத்திரி சண்டையே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் கடலூர் பஸ் ஸ்டாண்டுல பாண்டி பஸ்ஸுக்கு நிக்கிற கூட்டத்துல பாதிப் பேர் என் வாடிக்கையாளர்ங்க. திங்கக்கிழமை பிரஷர் மாத்திரை வாங்க வருவாங்க.

ஆகஸ்ட் 9

இழை எங்கயோ போகுது, போகட்டும். ஒருத்தர் "ரத்தம் உறையாம இருக்க எங்கப்பாவும் தினம் சின்ன ஆஸ்பிரின் போடறார், 74 வயசு, இதயத்துல ஒண்ணுமில்லை, முன்னெச்சரிக்கைக்கு"ன்னு எழுதியிருக்கார். 2018-ல வந்த ஆஸ்பிரீ ஆய்வு இதைத்தான் பார்த்துச்சு. ஆஸ்திரேலியாவுலயும் அமெரிக்காவுலயும் 19,114 பேர், பெரும்பாலும் 70 தாண்டினவங்க, இதய நோய் இல்லாதவங்க. தினம் 100 மில்லிகிராம் குடுத்ததுல மாரடைப்பு சொல்லிக்கிற அளவுக்குக் குறையலை, பெரிய ரத்தக்கசிவு கூடுச்சு. டாக்டர்கிட்ட போய்க் கேளுங்க.

ஸ்டென்ட் வச்சவங்க, பைபாஸ் பண்ணினவங்க, ஏற்கனவே மாரடைப்பு வந்தவங்க இதைப் படிச்சுட்டு ஆஸ்பிரினை நிறுத்திடாதீங்க. உங்களுக்குச் சொன்னது இல்லை இது. உங்களுக்கு அது காவல். தடிச்ச எழுத்து இருந்தா தடிச்சுப் போட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 11

"எல்லா ஆய்வும் வெள்ளைக்காரனை வச்சு, சீனாக்காரனை வச்சு. நம்ம ஆளுங்களை வச்சு ஒண்ணும் இல்லையா?" நல்ல கேள்வி. இருக்கு. டாப்ஸ்பின்னு ஒரு ஆய்வு. இந்தியாவுல 32 மருத்துவமனையில 1,981 பேர். அம்லோடிபின், பெரிண்டோப்ரில், இண்டபமைடு மூணுல ரெண்டு ரெண்டா சேர்த்த மூணு கூட்டு மாத்திரை. எது நம்மாளுங்களுக்கு நல்லா கேக்குதுன்னு பார்த்தாங்க. மூணுமே ஒரே மாதிரி கேட்டுச்சு. தினம் ஒரே மாத்திரையில கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் 140/90-க்குள்ள வந்துட்டாங்க.

எந்த மாத்திரை, எந்த நேரம்னு நாம தலையைப் பிச்சுக்கிறோம். விடாம தினம் போட்டா வேலை செய்யுது. கவுண்டர்ல நான் பார்க்கறது வேற. "பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்"னு மூணு மாசம் கழிச்சு வருவாங்க, முகம் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு வந்த ஒருத்தரை எனக்குத் தெரியும். எங்க தெருவுல மக்களைத் தேடி மருத்துவத்துல ஒரு அக்கா வீடு வீடா வந்து அளந்து மாத்திரை குடுத்துட்டுப் போகுது. அந்த அக்கா வர ஆரம்பிச்சப்புறம் விட்டுப்போறவங்க குறைஞ்சாங்கன்னு என் கண்ணுக்குப் படுது. என் கண்ணு ஆய்வு இல்லை, தெரியும்.

ஆகஸ்ட் 12

அம்மாவோட ஒரு வார நோட்டைப் பார்த்துட்டு டாக்டர் கூட்டின மாத்திரையை எடுத்துட்டார். "அம்மன்" எழுதினதைப் படிச்சுட்டு அவரும் சிரிச்சார். நெல்லிக்குப்பத்துக்காரரே, உங்க டாக்டர் சிரிப்புக்கும் இதுமாதிரி ஒரு காரணம் இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 28

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வரலை. இன்னைக்கு எழுதியே ஆகணும்.

வண்டிப்பாளையத்துல இருந்து மாசாமாசம் வர்ற பெரியம்மா ஒருத்தங்க. அம்லோடிபின் 5, ஒரு நாளைக்கு ஒண்ணு, 30 வாங்கிக்கிட்டுப் போவாங்க. 12-ஆம் தேதி வாங்கினாங்க. இன்னைக்கு வந்து காலி அட்டையைக் கவுண்டர்ல வச்சு "தீந்துபோச்சு தம்பி"ன்னாங்க. தேதியைப் பார்த்தேன். அட்டையைப் பார்த்தேன். கவுண்டருக்கு வெளியே வந்து காலைப் பார்த்தேன். ரெண்டு கணுக்காலும் வீங்கி, செருப்பு வார் பதிஞ்ச தடம் அப்படியே இருக்கு.

"ஒரு நாளைக்கு எத்தனை போடறீங்க பெரியம்மா?"

"நீதானே தம்பி அனுப்பிச்சே. பேரன் படிச்சுக் காட்டினான். காலையிலயும் போடலாம், ராத்திரியிலயும் போடலாம்னு."

ஜூலை 27-ல எழுதினதை இன்னொரு தடவை படிச்சேன். "காலையிலும் போடலாம், ராத்திரியிலும் போடலாம், பலன் ஒன்றுதான்." யாரும் வெட்டலை, ஒட்டலை, திரிக்கலை. எழுதினதே அப்படித்தான். வாத்தியார் ஒற்றுப் பிழை பார்த்தார், நான் ஆய்வுக் கணக்கைப் பார்த்தேன், எத்தனை மாத்திரைன்னு யாரும் பார்க்கலை. இங்க நூறு பேருக்கு மேல படிச்சிருக்கீங்க, நீங்களும் பார்க்கலை.

கடையைப் பையன்கிட்ட விட்டுட்டு ஆட்டோ பிடிச்சு அவங்க டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன். இந்த மருந்து கூடினா கால் வீங்கும், ஒண்ணாக் குறைச்சா வடிஞ்சிடும்னார். பிரஷர் 112, கொஞ்சம் தலைசுத்தலும் இருந்திருக்கு. வேற மாத்திரையா இருந்திருந்தா என்ன ஆகியிருக்குமோ. ஆட்டோவுல திரும்பி வரும்போது பெரியம்மா எனக்குத்தான் ஆறுதல் சொன்னாங்க.

ஆகஸ்ட் 29

"எடுத்து அனுப்புங்க"ன்னு ஜூலை 27-ல சொன்னேன்ல, யார் யாருக்கு அனுப்பினீங்களோ அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. செய்தி அனுப்பாதீங்க, போன் பண்ணுங்க. நான் மூணு குழுவுல இருந்தும் அழிச்சுட்டேன். 61 பேருக்குப் போன் பண்ணினேன். இன்னும் ரெண்டு பேர் ரெண்டு வேளை போட்டுக்கிட்டிருந்தாங்க.

ஆகஸ்ட் 30

புதுசு எழுதினேன். இந்தத் தடவை வாத்தியார்கிட்ட போகலை, அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன்.

"டாக்டர் ஒரு நாளைக்கு ஒரு பிரஷர் மாத்திரை எழுதியிருந்தா ஒண்ணுதான். ஒரே வேளைதான். இப்போ எந்த வேளை போடறீங்களோ அதே வேளை. டாக்டர் சொல்லாம வேளையை மாத்தாதீங்க."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அவங்களே ஒரு தடவை படிச்சாங்க. "காலையில போட்டோமா இல்லையான்னு எனக்கே மறந்துபோவுது. மறந்தவங்க ராத்திரி சேர்த்து ரெண்டா போடுவாங்க. அதையும் எழுது"ன்னாங்க.

கடைசியில சேர்த்திருக்கேன்: "மறந்துட்டீங்கன்னா அடுத்த வேளைக்கு ரெண்டா சேர்த்துப் போடாதீங்க."